மூன்றாய் ஒடிந்த கடிதம்

கடிதம் என் கையிலேயே ஒடிந்தது. கிழிந்தது என்று சொல்ல முடியாது. காய்ந்த சருகை மடித்தால் எப்படி விண்டுபோகுமோ, அப்படி இரண்டு மடிப்புகளிலும் சத்தமே இல்லாமல் விட்டு, மூன்று துண்டுகளாக மேசையில் விழுந்தது. 1968இல் அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதம். மொத்தம் நான்கு தாள்கள். முதல் தாளுக்குத்தான் இந்தக் கதி. மற்ற மூன்றும் மடிப்பின் ஓரங்களில் அரை அங்குலம் விட்டுப்போயிருந்தன. இன்னும் இரண்டு முறை பிரித்தால் அவையும் ஒடிந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை நான் ஏற்கெனவே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். கைப்பேசியில் தேடினால் இரண்டு விநாடியில் வந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கியும் படிக்கலாம். "நகல்தான் இருக்கிறதே, ஏன் இப்படிப் பதறுகிறாய்?" என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. துண்டுகளை ஒரு வெள்ளைத் தாளில் அடுக்கி, இன்னொரு தாளால் மூடி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், அந்தத் தகரப் பெட்டியில் இருந்த அத்தனை காகிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சீர்செய்ய முடிந்ததைச் சீர்செய்தேன்.

காகிதம் ஏன் இப்படி ஒடிகிறது என்று தெரிந்துகொள்ளாமல் கை வைக்கக்கூடாது என்று தோன்றியது. ஒரு காலத்தில் பருத்தி, லினன் போன்ற பழைய துணிகளை ஊறவைத்து இடித்துக் காகிதம் செய்தார்கள். முந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட அத்தகைய தாள்கள் இன்றும் வளைந்து கொடுக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் மரக்கூழ் வந்தது. மரத்தை அரைத்துச் செய்யும் கூழில், மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடும்; வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாவது அதுதான். மை ஊறிப் பரவாமல் இருக்கக் கூழில் படிகாரமும் ரோசின் பிசினும் சேர்க்கும் முறையை 1807இல் மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர் வெளியிட்டார். மலிவான, வேகமான முறை. ஆனால் அந்தப் படிகாரம் காகிதத்துக்குள் அமிலத்தை விளைவிக்கிறது. அமிலம் செல்லுலோஸ் இழைகளின் நீண்ட சங்கிலிகளை வருடக்கணக்காக வெட்டிக்கொண்டே இருக்கிறது. மடிப்பில் இருக்கும் இழைகள் ஏற்கெனவே வளைந்து நைந்தவை என்பதால் முதலில் அங்கேதான் விடும். அம்மா அந்தக் கடிதத்தை எத்தனை நூறு முறை பிரித்து மடித்தாரோ, அதன் கணக்கு அந்த இரண்டு கோடுகளில் இருந்தது.

பெட்டியில் இருந்தவை: பதினேழு கடிதங்கள், இரண்டு தந்திகள், சில ரயில் டிக்கெட்டுகள், பாட்டியின் கையெழுத்தில் ஒரு முகவரிப் புத்தகம், பசைப் பக்க ஆல்பம் ஒன்று, என் மகள் பிறப்பதற்கு முன் எடுத்த அல்ட்ராசவுண்ட் படம். துருப்பிடித்த குண்டூசிகள் எட்டு. முதல் ஞாயிறு முழுவதும் குண்டூசிகளுக்கும் தூசிக்குமே போனது. ஊசியை இழுத்தால் துருவோடு காகிதமும் வந்துவிடும். ஊசிக்கும் தாளுக்கும் இடையில் மெல்லிய பாலியெஸ்டர் தகட்டைச் செருகிக்கொண்டு, துருவை மெதுவாக நெம்பி விடுவித்த பிறகுதான் ஊசியை உருவ வேண்டும். தூசியை மென்மையான பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளினேன். ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் சிறு கிழிசல்கள் பெரிதாகும். முகவரிப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களை ராமபாணப் பூச்சி மேலோட்டமாகச் சுரண்டித் தின்றிருந்தது. பூச்சி உயிரோடு இல்லை. ஆனாலும் புத்தகத்தைக் காற்றுப் புகாத உறையில் போட்டு இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்தேன். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தேன்; அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த தாளின் மேல் ஈரம் கோத்துவிடும்.

பெட்டியின் அடியில் இருந்த ஒரு கடிதத்தில், சிறுவயதில் நான் செய்த தவறு காத்திருந்தது. அப்போதே கிழிந்திருந்த அதை நல்லெண்ணத்தோடு ஒட்டும் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். இப்போது தொட்டவுடன் டேப்பின் மேல்தகடு தானாக உதிர்ந்தது. பசை மட்டும் காகிதத்துக்குள் இறங்கி, எண்ணெய் ஊறியது போலத் தாளைக் கண்ணாடியாக்கி, பழுப்பு நிறத்தில் நின்றது. பின்பக்கத்து எழுத்துகள் முன்பக்கத்து வரிகளோடு கலந்து தெரிந்தன. கரைப்பான்களைக் கொண்டு இந்தக் கறையை ஓரளவு எடுக்கலாம். அது பயிற்சி பெற்றவர் கையில் நடக்க வேண்டிய வேலை. என் கையில் நடந்தால் மையும் சேர்ந்தே போகும். அதை அப்படியே விட்டுவிட்டேன். பழைய காகிதத்தில் டேப் ஒட்டாதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று ஒரு நிமிடத்தில் ஒட்டிவிடலாம், முப்பது வருடத்துக்குப் பிறகு யாராலும் முழுதாக எடுக்க முடியாது.

இனி ஒடிந்த கடிதம். எதைச் செய்தாலும் மையைச் சோதித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரு முற்றுப்புள்ளியின் மேல் ஊசி முனையால் ஒரு துளி தண்ணீர் வைத்து, சில விநாடிகளில் ஒற்றுத்தாளின் மூலையால் ஒற்றினேன். மூலை நீலமானது. ஊற்றுப்பேனா மை, தண்ணீர் பட்டால் ஓடிவிடும். அப்படியானால் தண்ணீர் சேராத முறைக்குப் போகலாமே என்று பார்த்தால், அதற்கு ஆல்கஹால் வேண்டும். நான்காம் தாளின் அடியில் அப்பா பின்குறிப்பாக எழுதிய இரண்டு வரிகள் கறுப்பு பால்பாயிண்ட் பேனாவில் எழுதப்பட்டவை. பால்பாயிண்ட் மை தண்ணீருக்கு அசையாது, ஆல்கஹாலுக்குக் கரையும். ஒரே கடிதத்தில் இரண்டு மைகள், ஒன்றுக்கு மருந்தானது மற்றதற்கு விஷம். அமிலத்தை முறிக்கும் காரக் கரைசலும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரம் பட்டால் சில நீலச் சாயங்கள் வெளிறிப் போகும்.

கடைசியில் கோதுமை ஸ்டார்ச் பசையையே தேர்ந்தேன், கிட்டத்தட்ட ஈரமே இல்லாத நிலையில். ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர். சிறிது நேரம் ஊறவைத்து, சின்னத் தீயில் அரை மணி நேரம் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் பால் போல இருப்பது, ஒரு கட்டத்தில் திடீரென்று இறுகி, பிறகு மெல்ல மெல்லக் கண்ணாடித் தன்மைக்கு வரும். ஆறவிட்டுச் சல்லடையில் இரண்டு முறை தேய்த்து இறக்கினால் கட்டியில்லாத பசை கிடைக்கும். இந்தப் பசையின் பெருமை, நூறு வருடம் கழித்தும் யாராவது வேண்டாமென்று நினைத்தால் லேசான ஈரத்தில் அதைக் கழற்றிவிடலாம் என்பதுதான். எனக்குப் பிறகு இந்தத் தாளைக் கையிலெடுப்பவருக்கு என் வேலையை அழிக்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஒட்டுவதற்கு ஜப்பானியத் தாள். கோசோ என்ற செடியின் பட்டை நாரிலிருந்து செய்வது. சிலந்தி வலை போல மெல்லியது, ஆனால் இழுத்தால் சுலபத்தில் அறாது. அதைக் கத்தரியால் வெட்டக்கூடாது. ஈரப் பிரஷ்ஷால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் இரு பக்கமும் இழுத்தால் பிரியும். பிரிந்த ஓரத்தில் நார்கள் இமைமயிர் போல நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நார்கள்தான் பழைய தாளைப் பற்றுகின்றன. வெட்டிய நேர் ஓரமாக இருந்தால், அந்த ஓரத்திலேயே தாள் மறுபடி ஒடியும்.

இரு பக்கமும் எழுத்து நிறைந்த தாளில் நீளப் பட்டையாக ஒட்டினால் எழுத்தின் மேல்தான் விழும். அதனால் வரிக்கும் வரிக்கும் இடையில் கிடைத்த வெற்றிடங்களில் அரிசிமணி அளவு துணுக்குகளை வைத்தேன், ஆற்றின் குறுக்கே சிறுசிறு பாலங்கள் கட்டுவது போல. பசை தொட்ட பிரஷ்ஷை ஒற்றுத்தாளில் நன்றாகத் துடைத்து, துணுக்கில் தடவி, அரை நிமிடம் காத்திருந்து, பளபளப்பு அடங்கிய பிறகு இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். உடனே மேலும் கீழும் ஒட்டாத துணி, அதன்மேல் ஒற்றுத்தாள், அதன்மேல் கனம். ஐந்து நிமிடத்தில் ஒற்றுத்தாளை மாற்றி, மறுபடி மாற்றி, பிறகு இரவு முழுவதும் விட வேண்டும். முதல் தாளுக்குப் பதினோரு பாலங்கள் தேவைப்பட்டன. காலையில் கனத்தை எடுத்துத் தாளைத் தூக்கிப் பார்த்தேன். ஒரே தாளாகத் தூக்க வந்தது. அந்த ஒரு நொடிக்காக இன்னும் பத்துக் கடிதங்கள் ஒடிந்தாலும் உட்காரலாம் என்று இருந்தது.

ஆனால் இதற்கு முன் ஒரு படி இருக்கிறது. சுருண்ட, கசங்கிய தாளைத் தட்டையாக்காமல் முனைகளைச் சேர்க்க முடியாது. மூடியுள்ள பெட்டியின் அடியில் ஈர ஒற்றுத்தாள், அதற்கு மேல் உயரத்தில் ஒரு கம்பித் தட்டு, அதில் கடிதம். நீராவி கூட அல்ல, வெறும் ஈரக்காற்று. இழைகள் அதைக் குடித்துத் தளரும். பிறகு கனம் வைத்தால் படிந்துவிடும். மை ஓடும் அபாயம் இருந்ததால் இருபது நிமிடத்துக்கு மேல் வைக்கவில்லை. பக்கத்திலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. முதல் மூன்று தாள்களும் இப்படித் தட்டையாயின. நன்றாகவே வந்தன.

நான்காம் தாளைப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன், விட்டுப்போன மடிப்பு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்க்க மேசை விளக்கைத் தாளுக்குச் சமமாகக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் அடித்தேன். தாள் முழுவதும் நிழல்கள் எழுந்தன. மடிப்பு, சுருக்கம், கட்டைவிரல் அழுத்திய ஒரு குழி. அதற்கெல்லாம் அடியில், நீல வரிகளைக் குறுக்கிட்டுக்கொண்டு, வேறொரு வரிசை கோடுகள். மையே இல்லாத, வெறும் பள்ளங்கள். விளக்கைக் கொஞ்சம் திருப்பினால் மறைந்தன. திரும்பக் கொண்டுவந்தால் வந்தன. எழுத்துகள் அவை. நீல எழுத்தைவிடப் பெரியவை, நன்றாக அழுத்தி எழுதியவை. முதல் வரியைப் படிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று: "அன்புள்ள அம்மாவுக்கு". அதற்குக் கீழே "மருந்தை" என்ற சொல்லும், இன்னும் கீழே "அடுத்த மாதம்" என்பதும் தெளிவாக இருந்தன. மற்றவை தெரியவில்லை.

அப்பா எழுதியது, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டிய எழுதுதாள் அட்டையில். மேல் தாளில் தன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி, அதைக் கிழித்தெடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த அழுத்தம் அடியில் இருந்த தாளில் இறங்கியிருக்கிறது. பிறகு அந்தத் தாளிலேயே என் அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். பாட்டிக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எல்லாம் எப்போதோ போய்விட்டன. மிஞ்சியது, இந்தத் தாளின் முதுகில் பதிந்த பள்ளம் மட்டும்.

ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். ஸ்கேனர் நேராக வெளிச்சம் பாய்ச்சுவதால் பள்ளங்களுக்கு நிழலே இல்லை. அதில் ஒன்றும் தெரியவில்லை. தங்கையின் கேள்விக்குப் பதில் இதுதான் என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் விளக்கைத் தானே பிடித்து, நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

அப்புறம்தான் உறைத்தது. ஈரக்காற்றும் கனமும் செய்வது என்ன? தாளைச் சமமாக்குவது. பள்ளங்களை மேடாக்குவது. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அந்த வரியை நானே என் கையால் அழித்திருப்பேன். முதல் மூன்று தாள்களை எடுத்து ஒவ்வொரு கோணத்திலும் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். மூன்றும் வழவழப்பாக இருந்தன. அவற்றில் ஏதாவது இருந்ததா, இல்லையா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த வாரம் முழுவதும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய காகிதத்தைத் தொடுவதற்கு முன் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு டார்ச் போதும்.

நான்காம் தாளைத் தட்டையாக்கவே இல்லை. மடிப்பு விட்ட இடங்களில் நான்கு பாலங்கள் மட்டும் வைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் நாணயம் அளவுக்கே கனம். சுருக்கங்களோடு அலையலையாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அல்ட்ராசவுண்ட் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியில் இருந்தவற்றிலேயே வயதில் இளையது, நிலையில் மோசமானது அதுதான். அது வெப்பத்தாள். மையே கிடையாது, தாளின் மேல் பூசிய வேதிப்பொருள் சூடு பட்ட இடத்தில் கறுக்கும், அவ்வளவுதான். வெளிச்சமும் சூடும் பட்டால் படம் மங்கும், அல்லது பின்புலம் கறுக்கும். நான் அதை மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். பிவிசி உறைகளில் பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பொருள் கசிந்து இந்தப் பூச்சைக் கரைத்துவிடும். நெற்றியின் வளைவும் மூக்கின் நுனியும் மட்டும் மிச்சம். பாதுகாப்பதாக நினைத்து லேமினேட் செய்யக் கொடுத்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. அந்தச் சூட்டில் முழுதும் கறுத்திருக்கும். இதற்கு ஒட்டும் கிடையாது, பசையும் கிடையாது. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, டிஃப் கோப்பாக இரண்டு இடங்களில் வைத்தேன். இந்த விஷயத்தில் கணினிதான் கைகொடுத்தது, அதற்கு நன்றியுடையவன். மூலத்தை இருட்டில், பாலியெஸ்டர் உறையில் வைத்திருக்கிறேன். மங்கினாலும் அந்த அறையில் இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வந்த அதே தாள் அது.

ஆல்பம் சுருக்கமாக. பசைக் கோடுகள் போட்ட அட்டை மேல் படத்தை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் மூடும் வகை. மெழுகு பூசாத பல்லிடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, ரம்பம் போல இழுத்தால் பெரும்பாலும் விடுகிறது. முப்பத்தாறில் முப்பத்துமூன்று வந்தன. மூன்றை வற்புறுத்தவில்லை, அட்டையோடு வெட்டி எடுத்துக்கொண்டேன்.

கணினிக் கோப்புகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே பெட்டியில் 2004இல் நான் எழுதி வைத்த ஒரு குறுந்தகடும் இருந்தது. வட்டை உள்ளே விட இப்போது வீட்டில் ஒரு கணினியிலும் வாயில்லை. இரவல் வாங்கிய கருவியில் போட்டால் பாதியில் நின்றுவிட்டது. கீறல்கூட இல்லை, பார்க்கப் புதிதாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கின் 900ஆவது ஆண்டையொட்டி, பிபிசி 1986இல் அதே போன்ற ஒரு மக்கள் பதிவை லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்த வட்டுகளைப் படிக்கும் இயந்திரம் கிடைப்பதே அரிதாகிவிட்டது, பெரும்பாடுபட்டு மீட்டார்கள். 1086ஆம் ஆண்டுத் தோலேட்டை இன்றும் திறந்து படிக்கலாம். இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப், நெஞ்சுக்கு நெருக்கமான படங்களைத் தாளில் அச்சிட்டு வையுங்கள் என்று 2015இல் சொன்னார். காகிதமும் அழியும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணெதிரே அழியும். மஞ்சளாகிறது, ஓரம் உதிர்கிறது, என்னைக் கவனி என்று கேட்கிறது. கேட்டால் செய்யலாம். அதில் எனக்கு ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது.

ஐந்தாம் ஞாயிறு, எல்லாவற்றையும் அமிலமற்ற உறைகளில் மடிக்காமல் அடுக்கி, உறையின் மேல் பென்சிலால் தேதி எழுதி, அம்மாவிடம் கொண்டுபோனேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நான்காம் தாளைக் கொடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தேன். பாட்டிக்கு அழுத்தி எழுதும் பால்பாயிண்ட் பேனா, உங்களுக்கு மட்டும் ஊற்றுப்பேனா, பார்த்தீர்களா என்று நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன்.

அம்மா பள்ளத்தின் மேல் விரலை வைக்காமல், அதற்கு மேலே காற்றில் ஓட்டினார். "அதற்காக இல்லை. உன் பாட்டிக்குக் கண் மங்கல். பெரிதாக, கறுப்பாக, அழுத்தி எழுதினால்தான் அவரால் படிக்க முடியும். உன் அப்பாவுக்கு அந்தப் பேனா பிடிக்கவே பிடிக்காது."

பிறகு நான்கு தாள்களையும் உறையிலிருந்து எடுத்து, வரிசைப்படுத்தி, ஒன்றாகத் தட்டிச் சேர்த்தார். மடிக்கப் போகிறார் என்று புரிந்தது. "மடிக்காமல் வைப்பதுதான் நல்லது அம்மா" என்றேன்.

"மடித்துத்தான் வந்தது" என்றார்.

முதல் மடிப்பு. அதே பழைய கோட்டில், கட்டைவிரலால் மெதுவாக. இரண்டாம் மடிப்பு. நான் மூச்சை விடவில்லை. ஜப்பானியத் தாளின் நார்கள் வளைந்தன. பதினோரு பாலங்களும் நின்றன. நான்காம் தாளின் நான்கும் நின்றன. அம்மா கடிதத்தை அதன் பழைய உறையில் செருகி, உறையைப் பெட்டியில் வைக்காமல், தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "அடுத்தது எங்கே?" என்று கையை நீட்டினார்.